ஓர் இலைத்துண்டு குமிழாகும் விதம்

கிளிநொச்சி வாசகர் ஒருவரின் கேள்வி: லெடெபோரியாவின் இலையை வெட்டி ஊன்றினால் புள்ளியோடே கன்று வருகிறது, பாம்புச்செடியில் மட்டும் மஞ்சள் கரை ஏன் தொலைந்துபோகிறது?

லெடெபோரியா சோஷியாலிஸ் தென்னாபிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதிச் செடி. வெள்ளி இலை, கரும்பச்சைப் புள்ளி, அடிப்புறம் ஊதா. நஞ்சுள்ள நமது நரிவெங்காயத்துக்குத் தூரத்து உறவு. ஆகவே ஆடுகளும் குழந்தைகளும் வாய்வைக்காத இடத்தில் வையுங்கள்.

ஒட்சின் என்ற வளர்ச்சி ஓமோன் இலைநுனியிலிருந்து காம்பை நோக்கிப் போகும். அதை வெளியே தள்ளும் புரதங்கள் கலங்களின் அடிப்பக்க மென்சவ்விலேயே குவிந்திருப்பதுதான் காரணம். இலையை வெட்டியதும் வழி அடைபட்டு, வெட்டுவாயில் ஒட்சின் தேங்குகிறது. காயத்தின் தூண்டலும் சேர, அங்குள்ள முதிர்ந்த கலங்கள் தம் பழைய வேலையை விட்டுவிட்டு மறுபடி பிரிகின்றன. புதிதாய் ஒரு பிரியிழையம், அதாவது தொடர்ந்து பிரியும் கலங்களின் கூட்டம், பிறக்கிறது. அது விடும் செதில்களில் தாயிலையின் உணவு இறங்க, குமிழ் திரள்கிறது. ஓர் இலையை மூன்றாக நறுக்குங்கள்: மூன்றிலும் காம்புப் பக்கத்து வாயில்தான் குமிழ் வரும். மேல் எது, கீழ் எது என்பதை ஒவ்வொரு கலமும் தன்னுள் வைத்திருக்கிறது. தாவரவியலில் இதைவிட அழகான ஒழுங்கு அரிது.

லெடெபோரியாவின் புள்ளிக்கோலம் எல்லாக் கலங்களிலும் உள்ள பரம்பரைத் தகவல். எங்கிருந்து முளைத்தாலும் அதே கோலம் வரும். பாம்புச்செடியின் மஞ்சள் கரையோ, பச்சையம் ஆக்கமுடியாத கலங்களும் பச்சைக் கலங்களும் ஒரே செடியில் அடுத்தடுத்து வாழும் கலவை. இலைத்துண்டின் புதுமுளை பச்சைக் கலங்களிலிருந்து எழுவதால் கரை போய்விடுகிறது. அதைக் கிழங்கோடு பிரித்துத்தான் பெருக்கவேண்டும்.

வன்னிக்கு மாசி, பங்குனி நல்ல காலம். முதிர்ந்த இலையைச் சுத்தமான பிளேட்டால் 4 முதல் 5 சென்ரிமீற்றர் துண்டுகளாக்கி, காம்புப் பக்கத்தில் அடையாளமிட்டு, நிழலில் ஒருநாள் காயவிடுங்கள். காயாத வெட்டுவாயில் பங்கசு நுழையும். இரண்டு பங்கு ஆற்றுமணல், ஒரு பங்கு உமிக்கரி. இந்தக் கலவையில் காம்புப் பக்கம் கீழாக 1 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஊன்றுங்கள். ஈரம் கையில் பட்டால் போதும், பிழிந்தால் தண்ணீர் வரக்கூடாது. அவசரப்பட்டுப் பிடுங்கிப் பார்க்காதீர்கள், குமிழ் திரள மாதங்கள்கூட ஆகலாம்.

ஆலைகளில் கழிவாகும் உமியும் ஒரு சவரக்கத்தியும் போதுமான இத்தொழிலுக்கு, கிளிநொச்சி அறிவியல்நகர் விவசாய பீடம் போன்ற இடங்களில் சிறு ஆய்வுநிதி ஒதுக்கவேண்டும் என்பது என் கருத்து. வீட்டுமுற்றத்திலேயே வருமானம் தரக்கூடியது.

கன்றில் இரண்டு மூன்று இலை வந்தபின் பிரித்து நடுங்கள். குமிழின் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்கு வெளியே நிற்கவேண்டும். முழுதும் புதைத்தவர்களின் சாடிகள்தான் கார்த்திகை மழையில் முதலில் அழுகும். காலை வெயில் வேண்டும், இருட்டில் புள்ளி மங்கும். சோளகக் காலத்து மத்தியான வெயிலோ இலையைக் கருக்கிவிடும். வேப்பமர நிழலுக்கு மாற்றுங்கள்.