பாறை மேல் ரெண்டு கோடு

கர்நாடக எல்லையை ஒட்டிய அஞ்செட்டிப் பக்கத்து மலைக்கிராமங்களில் யாரும் 'சிக்னல் இல்லை' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'டவர் எடுக்கல' என்பார்கள். ஒருமுறை அங்கே டீக்கடையில் காசு கொடுக்க ஜிபே வேலை செய்யாமல் விழித்துக்கொண்டு நின்றேன். பத்து வயசுப் பையன் ஒருவன் ஊருக்கு வெளியே இருந்த பாறையைக் காட்டினான். "அது மேல ஏறுங்கண்ணா, ரெண்டு கோடு வரும்." ஏறினேன், வந்தது. கூடவே கன்னடத்தில் ஒரு வரவேற்புக் குறுஞ்செய்தியும் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்து டவரைப் போன் பிடித்திருந்தது. ஆனால் பணம் போகவில்லை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

கோடு இருக்கிறது, பணம் போகவில்லை. ஏன்?

முதலில் பாறையைப் பார்ப்போம். ரேடியோ அலைக்கும் வெயிலைப் போலவே மலை நிழல் உண்டு. மலை முகட்டில் அலை கொஞ்சம் வளைந்து இறங்கும். எவ்வளவு வளையும் என்பது அலைநீளத்தைப் பொறுத்தது. 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 செ.மீ. அது ஓரளவு வளைந்து பள்ளத்துக்குள் வரும். 5ஜிக்குப் பயன்படும் 3,300 மெகாஹெர்ட்ஸ் அலை வெறும் 9 செ.மீ. அது கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும், முகட்டைத் தாண்டியதும் நிழல்தான். பாறை மேல் ஏறுவது அந்த நிழலைவிட்டு வெளியே வருவது, அவ்வளவுதான்.

அடுத்து அந்த இரண்டு கோடு. டவரின் பேச்சு நமக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை மட்டுமே அது காட்டும். டவர் பல பத்து வாட் சக்தியில் பேசுகிறது. சட்டைப் பையில் இருக்கும் போன் அதிகபட்சம் 0.2 வாட்டில் பதில் சொல்கிறது. திருவிழா மைக்செட்டுக்குத் திண்ணையில் உட்கார்ந்து பதில் பேசுவது மாதிரி. நமக்குக் கேட்கிறது, நாம் சொல்வது அங்கே எட்டுவதில்லை. பணம் அனுப்ப இரண்டு பேச்சும் வேண்டும்.

சரி, எட்டிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். டவருக்குப் பின்னால் என்ன? மலைப்பக்கத்து டவர்கள் பலவற்றின் இடுப்பில் முரசு மாதிரி ஒரு வெள்ளை வட்டம் இருக்கும். அது இன்னொரு டவரை நேருக்கு நேர் பார்த்து மைக்ரோவேவ் கற்றையில் பேசுகிறது. அந்தக் கற்றை சுமக்கிற அளவைத்தான் சுற்றியுள்ள ஊர்கள் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கோடு நான்கு காட்டினாலும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோ நிற்பது இதனால்தான். இதற்கு உருப்படியான மாற்று, தகவலை ஒளியாகச் சுமக்கும் கண்ணாடி இழை, அதாவது ஃபைபர்.

தர்மபுரிக்காரர்களுக்கு இழையைப் புரியவைப்பது சுலபம், பட்டுக்கூடு தெரியும். ஒரு கூட்டிலிருந்து ஏறக்குறைய 1 கி.மீ. இழை வரும். ஃபைபரில் ஒளி ஓடும் நடுப்பகுதி அந்த இழையைவிடவும் மெல்லியது, 9 மைக்ரான்தான். சுற்றியிருக்கும் கண்ணாடியைவிட நடுக்கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சற்று அதிகம். அதனால் ஓரத்தில் சாய்வாகப் படும் ஒளி வெளியேறாமல் உள்ளுக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. கண்ணாடியில் கலந்திருக்கும் அழுக்குதான் ஒளியைத் தின்கிறது, அதை நீக்கினால் நெடுந்தூரம் போகும் என்று 1966-இல் சொன்னவர் இயற்பியலாளர் சார்லஸ் காவ். நோபல் பரிசு வந்து சேர 2009 ஆனது. இன்றைய இழையில் 15 கி.மீ. போனாலும், அதாவது பதினைந்து கூட்டு நூலின் நீளம் கடந்தாலும், பாதி ஒளி மிச்சம் இருக்கும்.

அறுந்துவிட்டால் என்ன செய்வது? எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். கேபிளை மின்கம்பம் மேல் இழுத்தால் காற்றும் மரக்கிளையும். மண்ணில் புதைத்தால் சாலை போட வரும் பொக்லைன். அறுந்த இடத்தைத் தேடிக் காடு மேடெல்லாம் நடக்க முடியாது. ஒரு முனையில் ஓ.டி.டி.ஆர். என்ற பெட்டியை மாட்டி, ஒரு கணத் துளி நேரத்துக்கு ஒளியை உள்ளே விடுவார்கள். அறுந்த முனையில் மோதி எதிரொலி திரும்பி வரும். கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஆகவே போய்த் திரும்ப ஒரு கி.மீ.க்கு 10 மைக்ரோவிநாடி. 62 மைக்ரோவிநாடியில் எதிரொலி வந்தால், கோளாறு 6.2 கி.மீ. தள்ளி. கிணற்றுக்குள் கூவி ஆழம் பார்க்கிற அதே கணக்குதான். அங்கே போய், இரண்டு முனையையும் மின்பொறியில் உருக்கி ஒட்டிவிட்டு வரலாம்.

ஊராட்சிகளுக்கு இழை கொண்டுபோகும் தேசியத் திட்டம் 2011-இல் ஒப்புதல் பெற்றது. பாரத்நெட் என்பது பின்னால் வந்த பெயர். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கு இந்த வேலையைச் செய்வது டான்ஃபிநெட் என்ற தமிழக அரசு நிறுவனம். இழை போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் ஊராட்சி அலுவலகம் அல்லது அதன் பக்கத்துக் கட்டடம். சமவெளியில் இது பெரிய குறையில்லை. பென்னாகரம், அஞ்செட்டி மலைகளில் ஒரே ஊராட்சியின் குக்கிராமங்கள் காட்டுக்குள் பல கி.மீ. தள்ளித் தள்ளி இருக்கும். அலுவலகத்தில் இருக்கும் இணைப்புப் பெட்டியில் விளக்கு எரிந்தால் ஊராட்சி 'இணைந்தது' என்று கணக்கு.

இந்தக் கணக்குக் கோளாறு நம்மூருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த துண்டு நிலத்தில் ஒரே ஒரு வீட்டுக்கு இணைப்பு கொடுக்க முடிந்தாலும், துண்டு முழுவதற்கும் சேவை உண்டு என்று வெகுகாலம் வரைபடத்தில் வண்ணம் பூசினார்கள். முகவரி வாரியான வரைபடம் 2022 நவம்பரில்தான் வந்தது. 'பிராட்பேண்ட்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2023 வரை விநாடிக்கு 512 கிலோபிட் இருந்தாலே அந்தப் பெயர் கிடைத்தது, இப்போது 2 மெகாபிட்.

இணையம் யாருக்கு எட்டுகிறது என்று ஆராய்கிறவர்கள் கம்பியோடு நிற்கவில்லை. சமூகவியலாளர் எஸ்தர் ஹர்கிட்டாய் 2002-இல் வெளியிட்ட ஆய்வுக்காக ஆட்களைக் கணினி முன் உட்காரவைத்து, சில தகவல்களைத் தேடச் சொல்லி, எத்தனை நேரம் ஆகிறது என்று பார்த்தார். எல்லோரும் இணையம் பயன்படுத்துகிறவர்கள்தான், ஆனாலும் நேரத்தில் பெரிய வித்தியாசம். இணைப்புக்கு அப்பால் இருக்கும் இந்த இடைவெளிக்கு 'இரண்டாம் நிலை டிஜிட்டல் இடைவெளி' என்று பெயர் வைத்தார். நம் நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், எப்போதாவது இணையம் பயன்படுத்தியிருக்கிறேன் என்று சொன்ன பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57. ஒரே வீடு, ஒரே டவர்தான்.

பாறையைக் காட்டிய பையனிடம், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவன் அக்கா கல்லூரி விண்ணப்பத்தை அங்கே உட்கார்ந்துதான் போட்டாளாம், ராத்திரியில், டார்ச் அடித்துக்கொண்டு. ஏன் ராத்திரி? வீட்டில் இருப்பது அப்பாவின் போன். அது காலை ஆறு மணி பஸ்ஸில் அவரோடு ஓசூர் போய்விடும்.