தண்ணீரோடு சேராத ஒன்று

ஆட்டுக்கறிச் சால்னா ஆறினால் மேலே வெள்ளையாக ஏடு கட்டும். அதே அடுப்படியில் இருக்கும் நல்லெண்ணெயோ மதுரையின் மார்கழிக் குளிரிலும் உறையாது. இரண்டும் டிரைகிளிசரைடுதான்: ஒரு கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்தது. ஆட்டுக் கொழுப்பில் நிறைவுற்ற (saturated) அமிலங்கள் அதிகம். அவற்றின் கார்பன் சங்கிலிகள் நேராக இருப்பதால் நெருக்கமாக அடுக்கி அமைந்து உறைந்துவிடுகின்றன. நல்லெண்ணெயில் பெரும்பகுதி நிறைவுறாதவை. சங்கிலி நடுவில் வளைந்திருப்பதால் அப்படி நெருங்கி அமைய முடிவதில்லை.

உறைந்தாலும் உருகினாலும் கொழுப்பின் ஒரு குணம் மட்டும் மாறாது. அது தண்ணீரோடு சேராது. உடம்பில் அது செய்யும் பெரும்பாலான வேலைகளும், தரும் தொல்லைகளும் இந்தக் குணத்திலிருந்தே வருகின்றன.

முதலில் சேமிப்பு. ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோ கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 தான். மாவுச்சத்தை கிளைக்கோஜனாகச் சேர்த்து வைத்தால், அது தன் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு தண்ணீரையும் கூடவே பிடித்து வைத்துக்கொள்ளும். கொழுப்புக்கு அந்தச் சுமை இல்லை.

அடுத்தது பாஸ்போலிப்பிடு. இதில் கொழுப்பு அமிலங்கள் இரண்டுதான். மூன்றாவது இடத்தில் பாஸ்பேட் உள்ள தலை. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வால்களுக்குப் பிடிக்காது. ஆகவே தண்ணீருக்குள் இவை தாமாகவே வால்களை உள்ளேயும் தலைகளை வெளியேயும் வைத்து இரண்டு வரிசையாக நின்றுவிடுகின்றன. சுமார் 5 நானோமீட்டர் தடிமனுள்ள இந்த இரட்டை வரிசைதான் செல் சவ்வின் அடிப்படை. உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். நடுவே இந்தக் கொழுப்பு இல்லையென்றால் செல் என்ற ஒன்றே இல்லை. உயிரியலில் இதைவிட அழகான ஏற்பாடு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கொலஸ்ட்ரால் இந்தச் சவ்வுக்குள் செருகி நின்று அதன் இறுக்கத்தைச் சீராக்குகிறது. கார்டிசால், ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்கள், பித்த அமிலங்கள் எல்லாம் அதிலிருந்தே உருவாகின்றன. நமக்குத் தேவையானதில் பெரும்பங்கை உடம்பே தயாரித்துக்கொள்கிறது.

அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரை வெயிலில் நின்றாலும் கண் காய்ந்துபோகாமல் இருப்பதில் கொழுப்புக்கும் பங்கு உண்டு. இமை விளிம்பில் உள்ள மைபோமியன் சுரப்பிகள் கண்ணீருக்கு மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசுகின்றன; கண்ணீர் சீக்கிரம் ஆவியாவதில்லை. அந்தச் சுரப்பிகள் அடைத்துக்கொண்டால் கண் உறுத்தும்.

சரி, இப்போது தொல்லைக்கு வருவோம். சிம்மக்கல் பக்கம் இரவு ஒரு கறி தோசை சாப்பிடுகிறோம். சிறுகுடலில் பித்தநீர் அதன் கொழுப்பை நுண்துளிகளாக உடைக்க, கணையத்தின் லைபேஸ் நொதி துண்டாக்குகிறது. குடல் செல்கள் அவற்றை உறிஞ்சி, மறுபடி டிரைகிளிசரைடாகச் சேர்க்கின்றன. ஆனால் ரத்தம் பெரும்பாலும் தண்ணீர். கொழுப்பு அதில் கரையாது. அதனால் புரதமும் பாஸ்போலிப்பிடும் உறையாகச் சுற்றிய கைலோமைக்ரான் என்னும் உருண்டைகளாகக் கட்டப்பட்டு, நிணநீர்க் குழாய் வழியாகச் சுற்றிக்கொண்டு ரத்தத்துக்கு வருகிறது. அந்த நேரத்தில் ரத்தம் எடுத்தால் அதன் நீர்ப்பகுதி பால்போலக் கலங்கித் தெரியலாம். டிரைகிளிசரைடு அளவைச் சரியாகப் பார்க்க, பல நேரம் வெறும் வயிற்றில் வரச் சொல்வது இதனால்தான்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வரும் எல்.டி.எல்., எச்.டி.எல். இரண்டும் இதேபோன்ற உருண்டைகளே. கொலஸ்ட்ராலை செல்களுக்குக் கொண்டுபோவது எல்.டி.எல். அது மிஞ்சினால் தமனியின் சுவருக்குள் புகுந்து தங்குகிறது. அதை விழுங்கவரும் வெள்ளணுக்கள் கொழுப்பால் உப்பி அங்கேயே குவிய, அப்புறம் அந்த இடம் தடித்துப்போகிறது. மிஞ்சிய கொலஸ்ட்ராலை கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுவருவதில் எச்.டி.எல்.லுக்குப் பங்கு உண்டு.

கடையில் எண்ணெய் பாக்கெட்டின் மேல் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டாம். தாவர எண்ணெய் எதிலுமே கணக்கில் எடுக்கும் அளவுக்கு அது கிடையாது. பாக்கெட்டின் பின்பக்கம் நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்ற வரியைத் தேடிப் படியுங்கள். அது கூடக்கூட, ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பிகள் கல்லீரலில் குறைகின்றன, எல்.டி.எல். ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.