டேக்கிள்: பந்தைப் பறிப்பதா, ஆளைப் பிடிப்பதா?

"அந்த ஆளை நான் டேக்கிள் பண்ணிக்கிறேன்" என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னால் சமாளித்துக்கொள்கிறேன் என்று பொருள். கால்பந்து வருணனையில் அதே சொல் எதிராளியின் காலடியிலிருந்து பந்தைத் தட்டிப் பறிப்பதைக் குறிக்கும். கபடி ஒளிபரப்பில் பாடி வந்தவரை அமுக்கிப் பிடிப்பது டேக்கிள். மூன்றோ அதற்குக் குறைவாகவோ ஆட்கள் நிற்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ரக்பி லீக் ஆட்டம் பற்றித் தமிழில் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் கால்பந்துப் பொருளை எடுத்துக்கொண்டு "பந்துப் பறிப்பு" என்று எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் தவறு தொடங்குகிறது. இந்த ஆட்டத்தில் டேக்கிள் முடிந்த பிறகும் பந்து பிடிபட்டவரிடமே இருக்கும்.

சொல்லின் ஊர் துறைமுகம். வட ஜெர்மனியிலும் நெதர்லாந்துப் பகுதியிலும் பழைய காலத்தில் 'டாகெல்' என்றால் கப்பலின் கயிறு, கப்பி முதலிய சாமான்கள். இடைக்கால ஆங்கிலத்துக்குள் அந்தப் பொருளோடுதான் வந்தது. தூண்டில், நரம்பு, முள், தக்கை எல்லாவற்றையும் சேர்த்து இன்றும் 'ஃபிஷிங் டேக்கிள்' என்று சொல்வது அதன் மிச்சம். பிறகு குதிரைக்குச் சேணம் பூட்டுவதற்கும் அதே சொல் வழங்கியது. கயிற்றால் கட்டுவது, பூட்டுவது என்பதிலிருந்து, 19ஆம் நூற்றாண்டில் ஆளையோ வேலையையோ பற்றிக்கொண்டு மல்லுக்கட்டுவது என்ற பொருள் கிளைத்தது. ஆடுகளத்துக்கு வந்தது அதற்கும் பின்புதான். அலுவலகத்து 'சமாளித்தல்' இதே கிளையில் பிறந்த தங்கை. இத்தனை தூரம் வந்தும் கட்டிப்போடுதல் என்ற கரு அழியவில்லை. பறித்தல் அந்த வேரில் இல்லவே இல்லை.

ரக்பி லீக் தனி ஆட்டமானதே உழைப்பாளிகளின் கூலிப் பிரச்சினையால். வட இங்கிலாந்தின் சுரங்க, ஆலைத் தொழிலாளர்கள் சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய சம்பளம் போய்விடும். இழந்த கூலியை ஈடுகட்டக் கூடாது என்று பழைய ரக்பி சங்கம் பிடிவாதம் பிடித்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஓட்டலில் கூடிய மன்றங்கள் (கிளப்புகள்) அதிலிருந்து பிரிந்துபோயின. 1906இல் அணிக்கு 15 பேர் 13 ஆனார்கள். பிடிபட்டவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்டி ஆட்டத்தைத் தொடரும் முறையும் அப்போதுதான் வந்தது. 1908இல் சிட்னியில் லீக் போட்டிகள் தொடங்கின.

எத்தனை முறை பிடிபட்டாலும் பந்தை விடவேண்டியதில்லை என்பதுதான் வெகுகாலம் விதி. வலுவான அணி பந்தைக் கையைவிட்டு விடாமலே நேரத்தைக் கடத்தலாம். அந்தக் காலத்தில்தான் சிட்னியின் செயின்ட் ஜார்ஜ் அணி 1956 முதல் 1966 வரை தொடர்ந்து 11 கோப்பைகளை வென்றது. 1967இல் ஆஸ்திரேலியாவில் நான்கு டேக்கிள் என்று எல்லை கட்டினார்கள். அந்த ஆண்டே செயின்ட் ஜார்ஜின் தொடர் அறுந்தது. நான்கு போதாமல் ஆட்டம் அவசரக் கோலமானதால் 1971இல் ஆறாக்கினார்கள். அன்றிலிருந்து டேக்கிள் ஒரு செயல் மட்டுமல்ல, ஆட்டத்தின் அளவையும் ஆயிற்று. கிரிக்கெட்டில் ஓவருக்கு ஆறு பந்து போல, லீக்கில் ஒரு தவணைக்கு ஆறு டேக்கிள். ஆறாவது முடிந்தால் பந்தை எதிரணியிடம் கொடுத்துவிட வேண்டும். அதனால் ஐந்தாவது முடிந்ததும் பெரும்பாலும் பந்தை உதைத்துத் தூரத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

டேக்கிள் எப்போது முடிந்ததாகக் கணக்கு? பிடிபட்ட நிலையில் பந்தோ பந்தை ஏந்திய கையோ தரையைத் தொட வேண்டும். அல்லது நின்றபடியே மேலும் நகரவும் பந்தை வீசவும் முடியாமல் இறுகிப்போக வேண்டும். விழுந்து கிடப்பவர்மேல் எதிராளி கை வைத்தாலே போதும். இவற்றில் எதிலும் பந்து கைமாறுவதில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து பிடித்திருக்கும்போது பந்தை உருவினால் அது தண்டனைக்குரிய தவறு. ஒற்றைக்கு ஒற்றை நிற்கும்போது மட்டும்தான் உருவலாம். அதற்கு லீக்கில் 'ஸ்ட்ரிப்' என்று தனிப்பெயர் உண்டு.

பிடிக்கும் விதத்தைப் பார்த்தால் சரியான தமிழ்ச்சொல் தானே வந்து நிற்கும். ஓடிவருபவர் 100 கிலோவுக்கு மேல் இருப்பார். பிடிப்பவர் கடைசி இரண்டு மூன்று எட்டுகளைக் குறுக்கி, முன்காலை அவர் காலடிக்குப் பக்கத்தில் ஊன்ற வேண்டும். ஊன்றிய காலின் பக்கத்துத் தோள்தான் முதலில் போய்ப் பட வேண்டும், இடுப்புக்கும் விலாவுக்கும் நடுவில். தலை அவர் உடம்பின் பின்பக்கம் ஒட்டியிருக்க, கண் திறந்திருக்க வேண்டும். கைகள் சுற்றி இறுகிய பிறகுதான் கால்களை மிதித்துத் தள்ளுவது. கால் எட்ட இருந்தால் கை மட்டும் போகும், ஆள் வழுக்கிப் போவார். தலை முன்பக்கம் போனால் எதிராளியின் முழங்காலோ இடுப்பெலும்போ நெற்றிப்பொட்டில் மோதும். மூளை அதிர்ச்சிக்கு இது ஒரு முக்கியக் காரணம். கீழே சரியாகப் பிடித்தும் பந்துள்ள கை விடுபட்டிருந்தால் அவர் அதைத் தோழருக்கு வீசிவிடுவார். அதற்காகத்தான் ஒருவர் கீழேயும் ஒருவர் பந்தோடு சேர்த்து மேலேயும் பிடிக்கிறார்கள். கைகளைச் சுற்றாமல் தோளால் இடித்துத் தள்ளுவதை ஆஸ்திரேலியாவில் 2013 பருவத்திலிருந்து தடை செய்துவிட்டார்கள். தோளால் மட்டும் இடிப்பது டேக்கிள் ஆகாது என்பது இப்போது சட்டமே.

இந்த வேலையின் கனத்தை ஆஸ்திரேலிய லீக் ஆட்டக்காரர் நேதன் ஹிண்ட்மார்ஷின் ஆட்டவாழ்வு போலக் காட்டுவது வேறில்லை. நியூ சவுத் வேல்ஸின் தெற்கு மேட்டுநிலத்தில் செம்மண்ணும் உருளைக்கிழங்கும் கொண்ட ராபர்ட்சன் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். 1998 முதல் 2012 வரை பாரமட்டா ஈல்ஸ் என்ற ஒரே மன்றத்துக்கு 330 ஆட்டங்கள். இரண்டாம் வரிசை முன்கள ஆட்டக்காரர். பளபளப்பான ஓட்டமும் வீச்சும் அந்த இடத்தில் குறைவு, பிடித்து எழுந்து மறுபடி பிடிப்பதே தொழில். தேசிய லீக்கில் 10,000 டேக்கிளைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். ஆட்டத்துக்குச் சராசரி 30. ஒவ்வொன்றுக்கும் பிறகு தரையிலிருந்து எழுந்து, 10 மீட்டர் பின்வாங்கி, மூச்சு வாங்கும் முன் மறுபடி முன்னேற வேண்டும். மாநிலத்துக்கும் நாட்டுக்கும் ஆடினார், ஆனால் லீக் கோப்பை அவருக்குக் கிடைக்கவில்லை. 2001 இறுதியாட்டத்தில் நியூகாசிலிடம் 24–30, 2009இல் மெல்பர்னிடம் 16–23. பின்னதை வென்ற மெல்பர்னிடமிருந்து சம்பள உச்சவரம்பு மீறலுக்காகப் பட்டத்தைப் பறித்தார்கள். ஆனாலும் அந்த ஆண்டின் இடம் வெற்றிடமாகவே நிற்கிறது. இவரைப் பற்றி "10,000 முறை பந்தைப் பறித்தவர்" என்று எழுதுவது பிழை மட்டுமல்ல, அவர் செய்த வேலையையே மறைத்துவிடுகிறது.

இனிச் சொல்லுக்கு வருவோம். 'தடுப்பு' தளர்வானது, குறுக்கே நிற்பதும் தடுப்புதான். 'மடக்கு' அழகான சொல். ஓடுபவனை மடக்கினார்கள் என்பது அன்றாட வழக்கு, முழங்கால் மடங்க விழுவதும் அதற்குள் இருக்கிறது. ஆனால் எண்ணிக்கையில் இடறும். 'ஆறு மடக்கு' என்றால் ஆறு வாய்த் தண்ணீர் நினைவுக்கு வரும், வேகமாகப் படித்தால் 'ஆறு மடங்கு' ஆகிவிடும். 'தழுவல்' சங்க காலத்து ஏறுதழுவலை நினைவூட்டும், மதுரைப் பக்கம் மாடு அணைவது என்பார்கள். இரண்டும் கை சுற்றுவதைச் சரியாகச் சொன்னாலும் மோதலைச் சொல்வதில்லை. தழுவல் என்றால் இன்று கதையைத் தழுவி எடுப்பது என்றும் ஆகிவிட்டது.

சடுகுடுக் களத்தில் நெடுநாளாக வழங்கும் 'பிடி'யே பொருத்தம். அங்கே பிடிபட்டவர் வெளியேறுவார், இங்கே எழுந்து பந்தை உருட்டுவார் என்ற வேறுபாடு விதியில்தான், செயலில் இல்லை. 'ஆறு பிடி' என்றால் ஆறு கைப்பிடி அரிசி போலத் தோன்றும் என்பதால் வரிசை எண்ணாக எழுதுவது நல்லது: முதற்பிடி, ஐந்தாம் பிடி, ஆறாம் பிடி. வினையாக வரும்போது 'மடக்கிப் பிடித்தார்'. கழுத்துக்கும் தலைக்கும் போனால் கழுத்துப்பிடி, வழுக்கிப்போனால் தவறிய பிடி, இருவர் சேர்ந்தால் இரட்டைப்பிடி. எதிரணி உதைத்தனுப்பிய பந்தை எடுத்ததும் சில வேளை கிடைக்கும் எண்ணாத முதல் டேக்கிளுக்கு 'கணக்கில்லாப் பிடி'. ஒற்றைக்கு ஒற்றை நின்று பந்தை உருவுவதற்குத்தான் 'பறிப்பு' என்ற சொல்லை ஒதுக்கிவைக்க வேண்டும். அப்போது ஆட்ட வருணனை இப்படி ஓடும்: "நான்காம் பிடி, இரட்டைப்பிடி, எழுந்து உருட்டுகிறார், ஐந்தாம் பிடியும் முடிந்தது, இனி உதைதான்."