வெயில் அடிக்கும் நாளில் கடல் ஏன் பொங்குகிறது?

நண்பர்களோடு ஒரு நாள் கடற்கரைக்குப் போக வேண்டுமென்றால் குமரி மாவட்டத்தில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளக் கரையில் வட்டக்கோட்டை, சொத்தவிளை, சங்குத்துறை, கணபதிபுரம், முட்டம், மண்டைக்காடு, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று எங்கே இறங்கினாலும் அழகுதான். ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிகளுக்கு விடுமுறை. தென்மேற்குப் பருவமழை இன்னும் தொடங்கியிருக்காது. வானத்தில் மேகம் இல்லை, காற்றும் பெரிதாக இல்லை. இப்படிப்பட்ட நாளில் கடலும் சாதுவாகத்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. இந்தக் கரையில் அந்த நினைப்பு ஆளைக் கொன்றுவிடும்.

2024 மே 6 அன்று காலை, நண்பர் வீட்டுத் திருமணத்துக்காக நாகர்கோவில் வந்திருந்த மருத்துவ மாணவர்கள் கணபதிபுரம் லெமூர் கடற்கரைக்குப் போனார்கள். அலை இழுத்துச் சென்றதில் ஐந்து பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய சனி, ஞாயிறு இரண்டு நாட்களும் கள்ளக்கடல் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. குமரி, கேரள மீனவர்கள் தலைமுறைகளாகச் சொல்லிவந்த இந்தப் பெயரை 2012இல் யுனெஸ்கோவும் அறிவியல் பெயராக ஏற்றுக்கொண்டது. புயல் இல்லை, மழை இல்லை, நிலநடுக்கம் இல்லை. ஆனாலும் கடல் பொங்கி மணலைத் தாண்டி வரும். இது எப்படி நடக்கிறது?

கன்னியாகுமரி முனையிலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஏறத்தாழ அதே தீர்க்கரேகையில் ஆம்ஸ்டர்டாம், செயின்ட் பால் என்ற சின்னஞ்சிறு தீவுகள் இரண்டு இருக்கின்றன. அவற்றை விட்டால் அண்டார்டிகா வரை வெறும் தண்ணீர்தான். அங்கே, 40 முதல் 60 டிகிரி தென் அட்சரேகைக்குள், காற்றைத் தடுக்கப் பெரிய நிலப்பரப்பு எதுவும் கிடையாது. உலகைச் சுற்றி ஓடும் மேலைக்காற்றில் ஒன்றன்பின் ஒன்றாகப் புயல்கள் கிளம்புகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் தென் கோளம் குளிர்காலத்தை நோக்கி நகர்வதால் அவற்றின் வேகம் கூடுகிறது. நமக்குக் கோடை விடுமுறை தொடங்கும் காலமும் அங்கே புயல்கள் வலுக்கும் காலமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

அந்தக் காற்று நாள்கணக்கில் ஒரே திசையில் வீசி, பெரிய அலைகளை எழுப்புகிறது. புயல் அங்கேயே ஓய்ந்துவிடலாம். அலைகள் ஓய்வதில்லை. தண்ணீர்தான் அங்கிருந்து இங்கே ஓடிவருகிறது என்று நினைத்துவிடக் கூடாது. நாஞ்சில் நாட்டு நெல்வயலில் காற்று அடிக்கும்போது கதிர்கள் நின்ற இடத்திலேயே சாய்ந்து நிமிர, அசைவு மட்டும் வரப்புக்கு வரப்பு ஓடுகிறதே, அதுபோல நடுக்கடலில் ஒவ்வொரு துளியும் ஏறக்குறைய அதே இடத்தில் வட்டமிடுகிறது. பயணம் செய்வது ஆற்றல். ஆழமான நீரில் அந்த ஆற்றல் எவ்வளவு குறைவாக வீணாகிறது என்பதை வால்டர் மங்க் என்ற கடலியல் அறிஞர் 1963இல் அளந்து காட்டினார். நியூசிலாந்து தொடங்கி அலாஸ்கா வரை ஆறு இடங்களில் கருவிகளை வைத்து, தென் துருவத்தை ஒட்டிய கடலில் பிறந்த அலைகள் பசிபிக் பெருங்கடல் முழுவதையும் கடந்து வடக்கே போய்ச் சேர்வதை அவருடைய குழு பின்தொடர்ந்தது.

ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர ஆகும் நேரத்தை அலைக்காலம் என்கிறோம். நம் ஊர்க் காற்று எழுப்பும் அலைகளுக்கு அது ஐந்தாறு வினாடிதான். தென்கடல் புயலிலிருந்து வருபவற்றுக்கு 18 வினாடி, சில சமயம் அதற்கும் மேல். எண்ணில் மூன்று மடங்குதான். ஆனால் ஆழ்கடலில் இரண்டு முகடுகளுக்கு இடையேயுள்ள தூரம் அலைக்காலத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுகிறது. 6 வினாடி அலையின் நீளம் ஏறத்தாழ 56 மீட்டர். 18 வினாடி அலையின் நீளமோ 500 மீட்டர். ஆற்றல் நகரும் வேகமும் நீளத்தோடு கூடுவதால், 18 வினாடி அலைக்கூட்டம் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும். 10 வினாடி அலைக்கூட்டம் 28 கிலோமீட்டரில் பின்தங்கும். 50 டிகிரி தெற்கில் எழுந்த அலை ஏறத்தாழ 6,400 கிலோமீட்டர் கடந்து குமரிக்கு வர ஐந்து நாளுக்கு மேல் ஆகிறது. முதலில் வருபவை மிக நீண்ட அலைகளே. நீங்கள் வேனில் பாட்டுப் பாடிக்கொண்டு வரும் நாளின் கடல், போன வாரப் புயலின் கடல்.

நடுக்கடலில் இந்த அலை கண்ணுக்கே தெரியாது. ஒரு மீட்டர் உயரம் அரைக் கிலோமீட்டர் நீளத்தில் பரவிக் கிடந்தால், வள்ளத்தில் இருப்பவர் எப்படி உணர முடியும்? ஆனால் ஓர் அலை தன் நீளத்தில் பாதி ஆழம் வரை தண்ணீரை அசைக்கிறது. 6 வினாடி அலை, ஆழம் 28 மீட்டராகக் குறைந்த பிறகுதான் தரையைத் தொடும். 18 வினாடி அலையோ 250 மீட்டர் ஆழத்திலேயே தரையை உணரத் தொடங்கிவிடுகிறது. கரையை நெருங்க நெருங்க அதன் வேகம் குறைகிறது. முன்னால் போவது தயங்க, பின்னால் வருவது நெருக்க, நீளம் சுருங்கி உயரம் எழுகிறது. உடைந்த பிறகும் அது சும்மா விடுவதில்லை. ஒரே உயரமுள்ள இரண்டு அலைகளில், சரிவான மணலில் 18 வினாடி அலை, 6 வினாடி அலையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு மேலே ஏறும். செருப்பையும் பையையும் வைத்துவிட்டு வந்த இடத்துக்கு அது வந்துவிடுகிறது.

மணவாளக்குறிச்சிக் கரையின் கருமணலும் அலைகளின் கைவேலைதான். ஏறிவரும் அலை எல்லா மணலையும் தூக்கி வர, திரும்பும் நீர் லேசான குவார்ட்ஸ் மணலை மட்டும் இழுத்துப் போகிறது. எடை கூடிய இல்மனைட்டும் மோனசைட்டும் கரையில் தங்கிவிடுகின்றன. தாதுக்களையே எடைபோட்டுப் பிரிக்கும் அந்தத் திரும்பு நீர், முழங்கால் வரை நனைய நிற்கும் ஒருவரின் காலடியிலிருந்து மணலை உருவ எவ்வளவு நேரமாகும்?

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இந்த அலைகளின் இடைவெளி. 17 வினாடி அலைகளும் 18 வினாடி அலைகளும் கலந்து வந்தால், முகடுகள் ஒன்றோடொன்று சேரும்போது அலை பெரிதாகிறது. முகடும் பள்ளமும் சேரும்போது ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. இந்தச் சுற்று முடிய ஐந்து நிமிடம் ஆகும். அதாவது கடல் இரண்டு நிமிடம் அடங்கிக் கிடக்கும். அந்த அமைதியைப் பார்த்துத்தான் முட்டம் பாறைகளில் ஏறிப் படம் எடுக்கிறோம், இன்னும் நாலு அடி உள்ளே இறங்குகிறோம். ஆகவே வந்தவுடன் தண்ணீரில் குதிக்காமல் இருபது நிமிடம் உட்கார்ந்து கடலைப் பாருங்கள். கையில் கடிகாரம் இருந்தால் பத்து அலைகளை எண்ணுங்கள். ஒன்றரை நிமிடத்தில் பத்தும் வந்துவிட்டால் அது வழக்கமான கடல். மூன்று நிமிடம் ஆனால் தென்கடல் அலை வந்துவிட்டது என்று பொருள். அன்று தண்ணீரை விட்டு விலகி, அலை எட்டாத தூரத்திலேயே இருங்கள். பாறை ஈரமாகவோ பாசி படர்ந்தோ இருந்தால், வெயில் எவ்வளவு அடித்தாலும் அங்கே அலை வந்து போகிறது.

ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இந்த அலைகளை முன்கூட்டியே கணித்து எச்சரிக்கை விடுகிறது. அலை வந்துசேரவே பல நாளாவதால் கணிக்க நேரம் கிடைக்கிறது. பயணத்துக்கு முந்தைய இரவு அதைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

கரையில் குவிந்த தண்ணீர் கடலுக்குத் திரும்ப வழி தேடும்போது, மணல்திட்டுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் ஒடுங்கிய இழுப்பு நீரோட்டம் உருவாகிறது. பள்ளம் ஆழமாக இருப்பதால் அங்கே அலை உடையாது. இருபுறமும் வெள்ளை நுரையாக இருக்க, நடுவில் கருநீலமாக, அமைதியாகத் தெரியும். நீச்சல் தெரியாதவர்கள் பாதுகாப்பானது என்று தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அந்த இடத்தைத்தான். வலுத்த நாட்களில் அதன் வேகம் வினாடிக்கு இரண்டு மீட்டரை எட்டும். ஒலிம்பிக் வீரரே வெகுநேரம் எதிர்நீச்சல் போட முடியாத வேகம் அது. சிக்கியவர் கரையை நோக்கிப் போராடினால் களைத்து மூழ்குவார். மல்லாந்து மிதக்க வேண்டும்; அல்லது கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். அந்த ஓட்டம் ஆளை அடியில் அமுக்குவதில்லை. அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் வலுவிழந்துவிடும்.

ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் இறங்க, அவரும் அதே பள்ளத்தில் சிக்குவதால்தான் நண்பர் கூட்டங்களில் சாவு ஒன்றோடு நிற்பதில்லை. மூடி இறுகிய காலித் தண்ணீர் கேன், பந்து, டியூப், கயிறு என்று மிதக்கும் எதுவானாலும் அவரை நோக்கி எறியுங்கள். 112ஐ அழையுங்கள். கரையில் வலை சரிசெய்துகொண்டிருக்கும் மீனவர்களைக் கூவிக் கூப்பிடுங்கள்; அன்று இழுப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும், வள்ளமும் அவர்களிடம்தான் இருக்கிறது.