அவோ: நீலமா, பச்சையா?

சிக்னலில் பச்சை விளக்கு எரிந்தால் ஜப்பானியர்கள் அதை 'அவோ' என்பார்கள். அகராதியைப் புரட்டினால் அவோ என்றால் நீலம் என்று இருக்கும். அப்படியானால் பச்சைக்குச் சொல்லே இல்லையா? இருக்கிறது: மிதோரி. ஆனால் அது பிற்பாடு நிறப்பெயரானது.

பழைய ஜப்பானிய மொழியில் நிறத்துக்கு அடிப்படைச் சொற்கள் நான்குதான்: அகா (சிவப்பு), குரோ (கறுப்பு), ஷிரோ (வெள்ளை), அவோ. அகாவுக்கு விடியல், வெளிச்சம் குறித்த சொற்களோடும், குரோவுக்கு இருட்டைக் குறிக்கும் 'குராய்' என்பதோடும் வேர் உறவு உண்டு என்பது பரவலான கருத்து. மற்ற மூன்றிலும் அடங்காத பச்சையையும் நீலத்தையும் வெளிறிய சாயலையும் அவோவே சுமந்தது. இந்தப் பழமையின் தடம் இன்றைய இலக்கணத்திலும் தெரிகிறது. நேராக 'இ' விகுதி சேர்ந்து அகாய், குரோய், ஷிரோய், அவோய் என்று பெயரடையாவது இந்த நான்கும்தான். மஞ்சளுக்கும் பழுப்புக்கும் நடுவே நிறம் என்று பொருள்படும் 'இரோ' வந்தாக வேண்டும்: கீஇரோய், சாஇரோய். இதில் 'சா' என்பது தேநீர். மிதோரிக்கோ அந்த 'இ' வடிவமே கிடையாது.

மிதோரி முதலில் துளிரை, அதன் புத்தம்புதுத் தன்மையைக் குறித்தது. கைக்குழந்தைக்கு 'மிதோரிகோ' என்று பெயர். நம் 'பச்சைக் குழந்தை'யேதான்! இரண்டு மொழிகளும் தனித்தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை. பளபளக்கும் கருங்கூந்தலைக்கூட 'மிதோரி' சேர்த்துத்தான் புகழ்வார்கள்.

சிக்னல் கதைக்கு வருவோம். 1930இல் தோக்கியோவின் ஹிபியாவில் தானியங்கி விளக்கு வந்தபோது, விதிமுறையில் பச்சை என்றே எழுதினார்கள். மக்கள் வாயில் நின்றதென்னவோ அவோ. 1947இல் சட்டமும் அதையே ஏற்றுக்கொண்டது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'நீலம்' என்று ஒரே சொல்லால் பெயர்த்தால் பிழைகள் வரும். வானத்துக்கு நீலம் பொருந்தும்: 'அவோசோரா' நீலவானம். ஆனால் 'அவோபா' பச்சிலை, 'அவோரிங்கோ' பச்சை ஆப்பிள். அவோமோரி மாநிலத்தின் பெயருக்குப் பசுங்காடு என்று பொருள். முகம் அவோ ஆனது என்றால் வெளிறிப்போனது என்று கொள்ள வேண்டும். பொதுச்சொல் ஒன்று வேண்டுமானால் 'பசுமை'யையே நான் எடுப்பேன். பசும்புல், பசும்பொன், பசலை, பசுங்காய் என்று நிறம், வெளிறல், முதிராமை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வேர் இடம் கொடுத்திருக்கிறது. அனுபவம் போதாத இளைஞனைப் பார்த்து 'மதா அவோய்' என்பார்கள். அதை 'இன்னும் பச்சைப்பிள்ளை' என்று எழுதினால் போதும்.