பெஞ்சு வாரண்டுக்குத் தமிழ் என்ன?

மிக்ஸி வாங்கப் போனால் "வாரண்டி எத்தனை வருஷம்?" என்று கேட்கிறோம். கோர்ட்டிலிருந்து வாரண்ட் வந்தால் வயிறு கலங்குகிறது. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். கியாரண்டியும் அவற்றோடு பிறந்ததுதான். கோர்ட்டுக்கு வர வேண்டிய நாளில் வராதவரைப் பிடித்து வரச் சொல்லி, போலீசார் கேட்காமலே நீதிபதி போடும் வாரண்டைத்தான் பெரும்பாலும் 'பெஞ்சு வாரண்ட்' என்கிறார்கள்.

பிராங்கியர் என்ற ஜெர்மானிய இனத்தாரின் பேச்சிலிருந்து பழைய பிரெஞ்சுக்குப் போன சொல் இது. காப்பவர், பொறுப்பேற்பவர் என்பது பொருள். வடக்குப் பிரான்சில் அதை 'வாரன்ட்' என்றார்கள், பாரிஸ் பக்கம் 'காரன்ட்' என்றார்கள். வடக்கில் வகரம் வரும் இடத்தில் பாரிசில் ககரம் வரும். வில்லியம் அங்கே கியோம் ஆனதும் இப்படித்தான். நார்மானியர்களோடு இங்கிலாந்துக்குப் போனது வகரச் சொல். ககரச் சொல் பின்னால் வேறு வழியில் போய்ச் சேர்ந்தது. அதனால் ஆங்கிலத்துக்கு இரண்டும் கிடைத்தன, நமக்கும் இரண்டும் வந்தன.

சரி, வாரண்ட் யாரைக் காக்கிறது? பிடிபடுகிறவரை அல்ல, பிடிக்கப் போகும் அதிகாரியை. ஒருவரைக் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது சாதாரணமாகப் பார்த்தால் குற்றம். நீதிபதி கையெழுத்திட்ட ஒரு தாள் இருந்தால் அதே செயல் கடமையாகிவிடும். நாளைக்கு யாராவது "என்ன உரிமையில் பிடித்தாய்?" என்று கேட்டால் அந்தத் தாள் பதில் சொல்லும். பொறுப்பு நீதிபதியுடையது. மிக்ஸி கம்பெனி பொறுப்பேற்பது போலத்தான்.

'பெஞ்சு' இன்னும் எளிது. உட்காரும் பலகை. மரப் பலகையில் காசைப் பரப்பி மாற்றிக் கொடுத்த இத்தாலியரின் 'பாங்கோ'விலிருந்து பேங்க் வந்தது, அதற்கும் இதற்கும் ஒரே வேர். போர்த்துக்கீசியரின் 'பாங்கோ' இலங்கைத் தமிழில் 'வாங்கு' ஆகி நிற்கிறது. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாங்கில்தான் உட்காருவார்கள். இங்கிலாந்தில் நீதிபதிகள் அமர்ந்த பலகையின் பெயர் பிறகு அவர்களுக்கே ஆகிவந்தது. நம் பத்திரிகைகள் 'இரு நீதிபதிகள் அமர்வு' என்று எழுதும்போது அதே வேலையை அழகாகச் செய்கின்றன. இலங்கைப் பத்திரிகைகள் 'நீதியரசர்கள் குழாம்' என்று எழுதும்.

இந்த இரண்டையும் சேர்த்து 'பெஞ்சு வாரண்ட்' என்ற தொடர் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டின் கடைசியில். ஊர்ச் சமாதான நீதிபதி வீட்டில் வைத்துக் கொடுக்கும் வாரண்டிலிருந்து, மன்றத்தில் அமர்ந்த நீதிபதி கொடுப்பதைப் பிரித்துக் காட்ட அந்தப் பெயர் தேவைப்பட்டது. இன்று அமெரிக்காவில் பொருள் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. சாதாரணக் கைது வாரண்டுக்கு முதலில் போலீசோ அரசு வழக்கறிஞரோ காரணம் எழுதி, சத்தியம் செய்து, நீதிபதியிடம் கேட்க வேண்டும். 1791 முதல் நடப்பில் உள்ள அரசியலமைப்பின் நான்காம் திருத்தம் சொல்வது இதையே: தக்க காரணமும் சத்தியமும் இல்லாமல் வாரண்ட் கிடையாது. பெஞ்சு வாரண்டில் போலீசார் கேட்பதற்கு எதுவும் இல்லை. வழக்கு ஏற்கெனவே நீதிபதி முன்னால் இருக்கிறது. பெயரைக் கூப்பிடுகிறார்கள், ஆளைக் காணோம், இருக்கையிலிருந்தபடியே நீதிபதி எழுதிவிடுகிறார். நாள் குறித்தும் வராத பிரதிவாதி, அழைப்பாணை கிடைத்தும் வராத சாட்சி, உத்தரவை நிறைவேற்றாதவர் எல்லோருக்கும் இது வரும்.

நம் ஊரில் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார்கள்: "வாய்தாவுக்குப் போகலைன்னா வாரண்ட் போட்டுருவாங்க." வாய்தா அரபியிலிருந்து உருது வழியாக வந்த சொல். அங்கே அதற்கு வாக்குறுதி என்று பொருள். அடுத்த நாள் வருகிறேன் என்று கொடுத்த வாக்குத் தவறினால் வருவது பெஞ்சு வாரண்ட். அகராதி விளக்கத்தைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது.

நடப்பில் இது எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு சின்னத் தீவுக் கவுண்டிக்குப் போவோம். கவுண்டி என்பது அமெரிக்க மாநிலத்துக்குள் இருக்கும் நிர்வாகப் பிரிவு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சான் வான் கவுண்டி. 2020 கணக்கெடுப்பில் 17,788 பேர். தலைநகர் பிரைடே ஹார்பர், கவுண்டியில் நகராட்சி உள்ள ஒரே ஊரும் அதுதான். பெருநிலத்திலிருந்து பாலம் கிடையாது. அனகோர்டஸ் துறையில் மாநில அரசின் ஃபெர்ரி பிடிக்க வேண்டும், சுமார் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இந்தக் கவுண்டி பிறந்த கதையிலேயே ஒரு கைது மிரட்டல் இருக்கிறது. 1859இல் லைமன் கட்லர் என்ற அமெரிக்கக் குடியேறி, தன் உருளைக்கிழங்குத் தோட்டத்தைக் கிளறிய பன்றியைச் சுட்டார். அது பிரிட்டிஷ் ஹட்சன் பே கம்பெனியின் பன்றி. பிடித்துப் போவோம் என்று பிரிட்டிஷ் தரப்பு மிரட்டியது. எந்த நாட்டு நீதிபதியின் வாரண்ட் அந்தத் தீவில் செல்லும் என்பதே அப்போது தீராத கேள்வி. இரு படைகளும் தீவின் இரு முனைகளில் 12 ஆண்டுகளுக்கு மேல் முகாமிட்டிருந்தன. 1872இல் ஜெர்மானியப் பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் நடுவராக இருந்து அமெரிக்காவுக்கே என்று தீர்த்தார், அடுத்த ஆண்டு கவுண்டி அமைந்தது. மொத்தச் சண்டையிலும் செத்தது அந்தப் பன்றி மட்டும்.

சியாட்டில், ரெட்மண்ட் பக்கம் இருக்கும் தமிழர்கள் திமிங்கிலம் பார்க்க வார இறுதியில் போகும் இடம் இது. அப்படிப் போனவர் குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிக்கொள்கிறார் என்று வையுங்கள். வழக்கு பிரைடே ஹார்பரில் நடக்கும். விசாரணை நாளில் ஃபெர்ரியைத் தவறவிட்டார் அல்லது பழைய முகவரிக்குப் போன கடிதத்தைப் பார்க்கவே இல்லை. தீவிலிருந்து யாரும் துரத்தி வரப்போவதில்லை என்று ஒரு நினைப்பு வரும். வர மாட்டார்கள்தான். ஆனால் வாரண்ட் போலீஸ் கணினிப் பதிவில் ஏறிவிட்டால், இன்னொரு ஊரில் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தும் போலீஸ்காரரின் திரையில் அது தெரியும். விசாவில் இருப்பவருக்கு விமான நிலையத்திலும் சிக்கலாகலாம். சாதாரண வேகத் தண்டச் சீட்டுக்கு இந்தப் பயம் வேண்டாம். வாஷிங்டனில் அது குற்றவியல் விவகாரம் அல்ல. கட்டாவிட்டால் தொகை கூடும், வசூல் கம்பெனிக்குப் போகும், வாரண்ட் வராது.

வாரண்ட் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கே சொற்களே காலை வாரும். அமெரிக்காவில் சான் வான் என்ற பெயரில் நான்கு கவுண்டிகள் உண்டு: வாஷிங்டன், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ. இதே வாஷிங்டனில் பக்கத்திலேயே 'ஐலண்ட் கவுண்டி' என்று பெயரே தீவாக உள்ள இன்னொரு கவுண்டியும் இருக்கிறது, அதன் தலைநகர் கூப்வில். மாற்றித் தேடிவிட்டு "ஒன்றும் இல்லை" என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. அடுத்தது நீதிமன்றம். அங்கே 'டிஸ்ட்ரிக்ட் கோர்ட்' என்பது சிறு வழக்குகளுக்கானது. 364 நாள் வரை சிறை விதிக்கக்கூடிய குற்றங்கள் அதில் வரும். பெருங்குற்றங்கள் சுப்பீரியர் கோர்ட்டுக்குப் போகும். டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டை 'மாவட்ட நீதிமன்றம்' என்று தமிழாக்கினால், நம் ஊர் மாவட்ட நீதிமன்றத்தை நினைத்துக்கொண்டு படிப்பவருக்கு ஏணியே தலைகீழாகிவிடும். கவுண்டியை நான் மாவட்டம் என்று எழுதாததற்கும் இதுவே காரணம்.

எந்த வழக்கு, எந்த நீதிமன்றம் என்று தெரிந்தபின் மாநில நீதிமன்றங்களின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். இல்லையென்றால் அந்த நீதிமன்றத்தின் எழுத்தர் அலுவலகத்துக்கே போன் போடலாம். கேட்க வேண்டியது வாரண்ட் உண்டா, பிணைத்தொகை எவ்வளவு, நீக்கக் கோருவதற்கு எப்போது விசாரணை என்பது மட்டும். அன்றைக்கு நடந்த கதையை எழுத்தரிடம் அவிழ்க்க வேண்டியதில்லை, அது வக்கீலுக்கு. இன்னொன்று: "உங்கள் பேரில் வாரண்ட் இருக்கிறது, கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரைச் சொல்லுங்கள்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். எந்த நீதிமன்றமும் ஷெரிஃபும் அப்படிப் பணம் கேட்பதில்லை.

வாரண்டை நீக்குவதற்கு அங்கே சொல்லும் வினை 'குவாஷ்'. பழைய பிரெஞ்சில் உடைத்தல், செல்லாததாக்கல். நாம் 'ரத்து' என்போம். அதுவும் அரபி, திருப்பி அனுப்புதல் என்ற பொருளில் வந்தது. சென்னை வக்கீல்கள் 'ரீகால் போடுவது' என்பார்கள். இந்தியச் சட்டத்திலும் வாரண்ட் நிறைவேறும்வரை அல்லது கொடுத்த நீதிமன்றமே ரத்து செய்யும்வரை உயிரோடிருக்கும். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) அது 72ஆம் பிரிவு. நாளானால் தானே செத்துவிடும் என்று காத்திருப்பது இரு நாட்டிலும் வீண். வாஷிங்டனில் 2020இல் சட்டம் கொஞ்சம் இளகியது. வாரண்ட் பிறந்த 30 நாளுக்குள் நீக்கக் கோரி மனுப் போட்டு, அந்த விசாரணைக்கும் நேரில் வந்துவிட்டால், முதல் முறை வராமல் போனது பொதுவாகத் தனிக் குற்றமாகாது. அதே வழக்கில் இரண்டாம் முறை என்றால் இந்தச் சலுகை இல்லை. வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசுச் செலவில் வக்கீல் உண்டு. பிடிபட்டுப் போவதற்கும் தானாக வந்து நிற்பதற்கும் நீதிபதியின் கண்ணில் பெரிய வித்தியாசம் உண்டு, அதை யாரும் சட்டப் பிரிவில் தேட வேண்டியதில்லை.

இப்போது தமிழுக்கு வருவோம். 'பிடிவாரண்ட்' பாதித் தமிழ். சோதனை வாரண்டிலிருந்து பிரித்துக் காட்ட முன்னால் 'பிடி' ஒட்டிக்கொண்டது. 'பிடியாணை' முழுத் தமிழ், இலங்கையில் நன்றாக வேரூன்றிய சொல். எழுதும்போது ணகரத்தில் கவனம் வேண்டும். 'பிடியானை' என்று அச்சாகிவிட்டால் நீதிபதி பெண் யானையை அனுப்பினார் என்று ஆகிவிடும். ஆணை என்பது 'ஆஜ்ஞா'விலிருந்து பிராகிருதம் வழியாக வந்தது என்பார்கள் சிலர், தமிழ்தான் என்பார்கள் சிலர். எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை. 'உன் மேல் ஆணை' என்று சத்தியம் செய்யவும் நமக்கு இதே சொல்தான். வாரண்டுக்குப் பின்னால் ஒரு சத்தியம் வேண்டும் என்ற அமெரிக்க விதியோடு தற்செயலாகப் பொருந்திப்போகிறது.

பெஞ்சை என்ன செய்வது? 'இருக்கைப் பிடியாணை' என்றால் நாற்காலியைப் பிடிக்கச் சொன்னது போல இருக்கிறது. 'அமர்வுப் பிடியாணை' பரவாயில்லை, ஆனால் பல நீதிபதிகள் கூடிப் போட்டது என்று தோன்றும். 'நீதிமன்றப் பிடியாணை' கேட்க நன்றாக இருக்கிறது, வேறுபாட்டைத்தான் சொல்வதில்லை. எல்லாப் பிடியாணையும் நீதிமன்றத்திலிருந்துதானே வருகிறது! போலீசார் கேட்காமல் நீதிபதி தானாகப் போட்டது, ஆள் வராததால் போட்டது என்ற இரண்டில் ஒன்றாவது சொல்லில் தெரிய வேண்டும். சாதாரண எழுத்துக்கு நான் 'வராமைப் பிடியாணை' என்று எழுதுவேன். ஆள் வராததால் அல்லாமல் உத்தரவை மீறியதால் போடப்பட்டதென்றால் அந்தச் சொல் பொருந்தாது, அங்கே 'நீதிபதி தாமாகப் பிறப்பித்த பிடியாணை' என்று நீட்டித்தான் எழுத வேண்டும். கோர்ட் வாசலில் நிற்கும்போது வக்கீலிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அங்கே பெஞ்சு வாரண்ட் என்றே சொல்லுங்கள், ஃபெர்ரிக்கு நேரமாகிறது.