டிகம்ப்ரஷன் சிக்னெஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

போன டிசம்பரில் ஒரு சாயங்காலம், வத்தலகுண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். ராமேஸ்வரம் பக்கம் இரண்டு நாள் சிலிண்டர் கட்டிக் கடலுக்குள் இறங்கியிருக்கிறான். கடைசியாக மேலே வந்தது அன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கொடைக்கானல் வந்துவிடுவேன் என்றான். கூட இரண்டு நண்பர்கள், அவர்கள் ஸ்நார்க்கல் மட்டும், அதாவது மேலே மிதந்தபடி குழாய் வழியே மூச்சு விடுவது.

"இன்னைக்கு மலை ஏறாதே, டிகம்ப்ரஷன் சிக்னெஸ் வந்துடும்" என்றேன். "அப்படின்னா என்ன மாமா?" என்றான். "அழுத்த நோய்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். "எனக்கு பிரஷர் எல்லாம் கிடையாதே மாமா!"

அவன்மேல் தப்பில்லை, சொல்தான் தப்பு. தமிழ்நாட்டில் அழுத்தம் என்றால் காதில் விழுவது ரத்த அழுத்தம். அழுத்தக் குறைவு நோய் என்றாலும் 'லோ பிரஷர்' என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'அழுத்தநீக்க நோய்' என்ற மொழிபெயர்ப்பு ஓரளவு சரி. ஆனால் நீக்கம் என்றால் அடியோடு எடுத்துவிடுவது. ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வருபவருக்கு அழுத்தம் போய்விடுவதில்லை, சட்டென்று தளர்கிறது. அதுதான் கேடு.

இந்த நோய்க்கு முதலில் வைத்த பெயரில் கடலே இல்லை. பாலத்துக்கு அஸ்திவாரம் போட, ஆற்றின் அடியில் பெரிய பெட்டியைக் கவிழ்த்து, தண்ணீர் புகாதபடி உள்ளே காற்றை அழுத்தி அடைத்து வேலை செய்தார்கள். பிரெஞ்சில் அந்தப் பெட்டிக்குக் கெய்சன் என்று பெயர். நியூயார்க்கின் புரூக்ளின் பாலம் கட்டியபோது பெட்டிக்குள்ளிருந்து வெளியே வந்த ஆட்கள் மூட்டுவலியில் துடித்தார்கள். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கையே 1872-இல் இந்த நோய் படுக்கையில் தள்ளியது. மருத்துவர்கள் அதைக் கெய்சன் நோய் என்றார்கள். தொழிலாளிகளோ பெண்ட்ஸ் என்றார்கள். அந்தக் காலத்துப் பெண்கள் முன்பக்கம் சாய்ந்து நிற்கும் ஒரு நாகரிகத்துக்கு 'கிரீஷியன் பெண்ட்' என்று பெயர். வலியில் குனிந்து நடந்தவர்களைப் பார்த்து அதையே வைத்துவிட்டார்கள்.

காரணத்தை 1878-இல் விளக்கியவர் பிரெஞ்சு அறிஞர் பால் பெர்ட். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. அந்த அழுத்தத்தில் சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கச் சுவாசிக்க, அதிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைந்துகொண்டே போகும். மெதுவாக மேலே வந்தால் மூச்சு வழியே வெளியேறும். அவசரப்பட்டால் உடம்புக்குள்ளேயே குமிழியாகும். கோலி சோடாவை அழுத்தித் திறக்கிறோமே, அதுவரை ஒன்றுமில்லாமல் இருந்த தண்ணீர் பொங்குகிறதே, அதே கதைதான். குமிழி மூட்டில் தங்கினால் வலி. தண்டுவடத்தில் தங்கினால் கால் மரத்துப்போகும்.

சரி, மலைக்கும் இதற்கும் என்ன? கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். இங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. கடலிலிருந்து கரைக்கு வந்தவனுக்கு மலைப்பாதை இன்னொரு மேலேற்றம். விமானம் ஏறுவதற்குச் சொல்லும் கணக்குதான் இதற்கும்: சிலிண்டரோடு ஒருமுறை இறங்கியவர் 12 மணி நேரமாவது, பலமுறை இறங்கியவர் 18 மணி நேரமாவது பொறுத்து 2,000 அடிக்கு மேலே போகலாம். டம்டம் பாறை தாண்டும்போது காது அடைப்பது வேறு விஷயம், எச்சிலை விழுங்கினால் சரியாகும். தோள்பட்டை, முழங்கால் வலியும் மதமதப்பும்தான் இந்த நோயில் சேர்த்தி. நம் ஊர்ப் பழக்கப்படி தைலம் தேய்த்துப் படுத்துவிடக் கூடாது. ஆக்சிஜன் கொடுக்க வேண்டும், அழுத்த அறை, அதாவது காற்றழுத்தத்தைக் கூட்டி வைத்தியம் செய்யும் அறை, உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

"அப்போ இவங்களும் தங்கணுமா?" என்று நண்பர்களுக்காகக் கேட்டான். வேண்டாம். ஸ்நார்க்கல் ஜெர்மன் சொல், குறட்டைக்கு உறவு. நீர்மூழ்கிக் கப்பல் காற்று இழுக்கும் குழாய்க்கு வைத்த பெயர். மேலே மிதந்தபடி வெளிக்காற்றைச் சுவாசிப்பவருக்கு நைட்ரஜன் கூடுதலாக ஏறாது.

ஃப்ரீ டைவிங், அதாவது சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கி மூழ்குவது, நடுவில் நிற்கிறது. ஒரே மூச்சுக் காற்றோடு நாலைந்து தடவை கொஞ்சம் ஆழம் போய் வருபவருக்கு இந்த நோய் வருவது அரிது. அவர் பயப்பட வேண்டியது தண்ணீருக்குள் மயங்கிவிடுவதற்கு. தனியாக இறங்கவே கூடாது. ஆனால் ஓய்வில்லாமல் மணிக்கணக்கில் ஆழம் போனால் நைட்ரஜன் சேர்ந்துவிடும். பசிபிக்கின் துவாமோத்து தீவுகளில் முத்துக்குளித்தவர்களுக்குத் தலைசுற்றலும் பக்கவாதமும் வந்தன. அதை அவர்கள் தாராவானா என்றார்கள். பித்துப்பிடித்து விழுவது என்று பொருள். மங்கரேவா தீவில் ஒவ்வொரு முழுக்குக்கும் இடையே பத்து நிமிஷத்துக்கு மேல் ஓய்வெடுத்தார்கள். அவர்களுக்கு அது வரவில்லை.

முத்துக்குளித்தல், சங்குகுளித்தல், குளியாள் என்றெல்லாம் சொன்ன மொழி நம்முடையது. எழுத்துக்கு 'அழுத்தத் தளர்வு நோய்' என்பது என் தேர்வு. பேச்சுக்குக் 'குளிமுடக்கு' என்று ஒன்று வைத்திருக்கிறேன். குளித்தவரை முடக்குவது, பெண்ட்ஸ் சொல்வதும் கிட்டத்தட்ட அதைத்தான்.

போனில் அதைச் சொன்னதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. நண்பர்கள் அன்றே ஏறி வந்தார்கள். அவன் வத்தலகுண்டில் ரூம் போட்டுத் தங்கி, மறுநாள் பத்து மணிக்கு மேல் பஸ் ஏறினான். வாசலில் நின்றவன் கையில் கீழே வாங்கிய நேந்திரம் சிப்ஸ் பாக்கெட், பலூன் மாதிரி உப்பி, தையல் தெறிக்கிற நிலையில் இருந்தது. அதை என்னிடம் நீட்டி, "குளிமுடக்கு மாமா" என்றான்.